இடம் கிடைக்காதவர்களின் லென்ஸ்

ஸ்டாண்டர்ட் ஜூம் லென்ஸ் என்றால் படம் எடுக்கிறவர்களிடையே நெடுநாளாக ஓர் இளக்காரம் உண்டு. நின்ற இடத்தில் நின்றபடி வளையத்தைத் திருப்பினால் காட்சி விரிகிறது, சுருங்குகிறது. ஆகவே அது சோம்பேறிகளின் லென்ஸ், கலையை மதிக்கிறவர் ஒரே குவியத் தூரமுள்ள பிரைம் லென்ஸை மாட்டிக்கொண்டு காலால் நடந்து தன் சட்டகத்தைத் தேடுவார் என்பார்கள். புதிதாகக் கேமரா வாங்குகிறவருக்கு இதையே முதல் பாடமாகவும் சொல்லித்தருகிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிற வேலப்பன்சாவடியையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. கல்யாண மண்டபங்கள், திருவேற்காட்டுக் கோயில்களை ஒட்டிய திருமணங்கள், கல்லூரிகளின் பட்டமளிப்பு விழாக்கள், பூந்தமல்லியைத் தாண்டினால் படப்பிடிப்புத் தளங்கள் என்று படத்தொழிலுக்கு வேலை கொடுக்கிற நான்கு விஷயங்களும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கும் பகுதி இது. நான்கிலும் படம் எடுப்பவரின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கே நிற்பது என்பதை முடிவு செய்வது அவர் அல்ல. ஸ்டாண்டர்ட் ஜூம் உருவானதும், படிப்படியாகத் தேறியதும், தமிழ்நாட்டின் புறநகர்களில் வேரூன்றியதும் இந்த நிலைமையால்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நிற்கும் இடம் முழுக்கப் படம் எடுப்பவரின் கையில் இருந்த காலமும் ஒன்று உண்டு. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னியஸ் ட்ரைப், 1858இல் தஞ்சாவூர், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது, அவர் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். நிலையான லென்ஸ் ஒன்றைக் கொண்டு நடந்தே சாதித்த வேலை அது. காலால் நடந்து சட்டகத்தைத் தேடு என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் எந்தச் சூழ்நிலையில் அது முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில் நகராது. கல்வெட்டு அவசரப்படாது. முக்காலியை எங்கே ஊன்றினாலும் அரசின் பெயரால் வந்தவரைத் தள்ளி நிற்கச் சொல்ல ஆள் கிடையாது. நேரமும் இடமும் அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்திருந்த ஒருவரின் முறை அது.

அவருக்குப் பின் வந்த ஸ்டூடியோக் காலத்திலும் அந்த அதிகாரம் வேறு உருவத்தில் தொடர்ந்தது. வரைந்த திரைச்சீலை, வளைந்த கைப்பிடி வைத்த நாற்காலி, பக்கத்தில் ஒரு பூச்சாடி: வாடிக்கையாளர் ஸ்டூடியோவுக்கு வந்து, படக்காரர் காட்டிய இடத்தில் நின்றார். கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம் அந்த அறை கட்டப்பட்ட நாளிலேயே முடிவாகிவிட்டது. படக்காரர் கல்யாண வீட்டுக்கே போனபோதும் நெடுநாள் இதே ஒழுங்குதான் நடந்தது. சடங்கு ஒரு பக்கம் முடியும். பிறகு மணமக்களை நடுவில் உட்காரவைத்து, பெரியவர்களை இருபுறமும் அமர்த்தி, குழந்தைகளைத் தரையில் சம்மணமிடச் செய்து, மற்றவர்களைப் பின்னால் பெஞ்சில் ஏற்றி ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு வீட்டுப் பெரியவரும் படக்காரர் சொன்னபடி நகர்ந்தார். இரட்டை லென்ஸ் கேமராவில், 120 ஃபிலிமில், ஒரு சுருளுக்கு 12 படம். 1970இல் வந்த யாஷிகா மேட் 124ஜி போன்ற கேமராக்களில் 80 மி.மீ. லென்ஸ் உடம்போடு சேர்ந்தே இருந்தது, கழற்றவும் முடியாது. அந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

பிறகு மாறியது கல்யாணப் படம் என்பதன் பொருள். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு சுருளுக்கு 36 படம் கிடைத்தது, 1980களில் வண்ணம் பரவியது, ஆல்பம் தடித்தது. சடங்கு முடிந்தபின் எடுக்கும் ஒரே குரூப் போட்டோ போதவில்லை. சடங்கு நடக்க நடக்க ஒவ்வொரு கட்டமும் வேண்டும் என்று குடும்பங்கள் கேட்கத் தொடங்கின. மாப்பிள்ளை அழைப்பு, தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, மெட்டி போடுவது, அட்சதை எல்லாம் அதனதன் நேரத்தில் படமாக வேண்டும். இந்த ஒரு மாற்றம் படக்காரரின் நிலையையே தலைகீழாக்கியது. அதுவரை குடும்பம் அவர் சொன்ன இடத்தில் நின்றது. இனி குடும்பம் விட்ட இடத்தில் அவர் நிற்க வேண்டும். முகூர்த்த நேரத்தை நிறுத்தி, கொஞ்சம் விலகுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மேற்குப் புறநகரில் இந்தத் தொழில் பெருக ஊரின் வளர்ச்சியும் காரணமாயிற்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்தது, அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. மாதச் சம்பளக் குடும்பங்கள் குடியேறிய இடத்தில் பள்ளிக்கூடம், மண்டபம், போட்டோ ஸ்டூடியோ மூன்றும் பின்தொடர்வது இயல்பு. பகலில் பாஸ்போர்ட் சைஸ் படம், முகூர்த்த நாளில் மண்டபம் என்று இரண்டு காலில் நின்ற தொழில் அது.

இப்படிப்பட்ட நெருக்கடிதான் உலகத்தில் ஜூம் லென்ஸையே பிறப்பித்தது. குவியத் தூரத்தை மாற்றும் லென்ஸுக்கு அமெரிக்காவில் க்ளைல் ஆலன் 1902இல் காப்புரிமை பெற்றார். எண்ணம் வந்தபோதிலும் பயன் வர நாளாயிற்று. 1932இல் திரைப்படக் கேமராவுக்காக 40 முதல் 120 மி.மீ. வரை போகும் குக் வாரோ வந்தது. ஆனால் ஜூமை உலகறியச் செய்தவர் ஃப்ராங்க் பேக். அவருடைய ஜூமார் லென்ஸ் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குள் நுழைந்து, 1947இல் பேஸ்பால் ஒளிபரப்பில் வேலை செய்தது. ஏன் விளையாட்டு மைதானம்? பார்வையாளர் மாடத்தில் கேமராவுக்கு ஒரு மூலை ஒதுக்கிவிட்டால் அங்கிருந்து அசைய முடியாது. பந்து அடிப்பவர் முகமும் வேண்டும், மைதானம் முழுதும் வேண்டும், ஆட்டம் யாருக்காகவும் நிற்காது. மண்டப மேடையோரத்தில் நிற்கும் படக்காரரின் நிலைமையில் இதில் இல்லாதது எதுவும் இல்லை. பிரான்சில் பியர் ஆன்ஜெனியு 1960களின் தொடக்கத்தில் திரைப்படத்துக்குப் பத்து மடங்கு ஜூமைக் கொடுத்து, அதற்காக ஆஸ்கரின் தொழில்நுட்ப விருதும் பெற்றார். செய்திப் படம், ஆவணப் படம், நேரடி ஒளிபரப்பு ஆகியவற்றுக்காகவே அந்த லென்ஸுகளை முதலில் தேடினார்கள். நடக்க நேரமும் இடமும் இருந்த கலைஞருக்கு அவை அவசரத் தேவையாக இருக்கவில்லை.

ஜூம் பயனுக்கு வர இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம் லென்ஸின் உட்புறத்தில் இருக்கிறது. எளிய ஸ்டாண்டர்ட் ஜூமில் கண்ணாடிகள் இரண்டு கூட்டமாக அமைந்திருக்கும். முன்கூட்டம் ஒளியை விரிக்கும், பின்கூட்டம் குவிக்கும். பின்கூட்டத்தை நகர்த்தினால் குவியத் தூரம் மாறுகிறது. கூடவே பிம்பம் விழும் இடமும் விலகிவிடுகிறது. அந்த விலகலைச் சரிக்கட்ட முன்கூட்டம் தன் பங்குக்கு வேறொரு கணக்கில் நகர வேண்டும். இரண்டும் ஒரே வளையத்தின் திருப்பத்தில் நடக்க, உலோகக் குழாயில் வளைவான தடங்களை வெட்டி, அவற்றுக்குள் சிறு உருளைகளை ஓடவிடுகிறார்கள். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் பல கிட் லென்ஸுகளை 18 மி.மீ.இலிருந்து 55 மி.மீ.க்குத் திருப்பும்போது முகப்பு முதலில் உள்ளே போய் மறுபடி வெளியே வருவது இந்தத் தடத்தின் வளைவால்தான். தடத்தின் வடிவம் மயிரிழை பிசகினாலும் வளையத்தைத் திருப்பும்போதே படம் மங்கும். அம்பத்தூர்ப் பட்டறைகளில் கேம் எனப்படும் இத்தகைய வளைவுத் தடங்களை வெட்டிப் பழகியவருக்கு இந்த வேலையின் கஷ்டம் சொல்லாமலே புரியும். பல கண்ணாடிகள், ஒவ்வொன்றின் வளைவும் எல்லாக் குவியத் தூரத்திலும் ஒத்துவர வேண்டும் என்கிற கணக்கைக் கையால் போட்டு மாளாது. கணினி வந்து, கண்ணாடிப் பரப்புகளில் எதிரொளியைக் குறைக்கும் பூச்சும் தேர்ந்தபிறகே இந்த லென்ஸ் நம்பத்தக்கதாயிற்று.

தமிழ்நாட்டுக்கு ஜூம் முதலில் வந்த பெரிய வாசல் சினிமா. அங்கேதான் அதற்குக் கெட்ட பெயரும் கிடைத்தது என்பதால் இதை விரிவாகப் பார்க்க வேண்டும். எடுக்கும் லென்ஸ் வழியாகவே ஒளிப்பதிவாளர் காட்சியைப் பார்க்கும் கண்ணாடி ஷட்டரை ஆரிஃப்ளெக்ஸ் 35 கேமரா 1937இல் கொண்டுவந்தது. இது இருந்தால்தான் ஜூமைத் திருப்பும்போது சட்டகம் எங்கே போகிறது என்று தெரியும். அதன் வழிவந்த 2சி கேமரா சென்னைப் படப்பிடிப்புகளில் வீட்டுப் பிள்ளை போலப் புழங்கியது. சத்தம் போடும் கேமராதான், ஆனால் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்க்கும் வழக்கம் இருந்ததால் அது குறையாகத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வெளியூர் போக வசதியாக இருந்தது. 1970களில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது ஜூமும் கூடவே போனது. தண்டவாளம் போட்டு டிராலி தள்ள நேரம் பிடிக்கும். ஜூமைத் திருப்ப ஒரு விநாடி போதும். அதிர்ச்சி என்றால் முகத்தை நோக்கி ஒரு பாய்ச்சல், பாட்டு என்றால் மலையிலிருந்து கதாநாயகி வரை ஓர் இழுவை என்று அது தேய்ந்த வழக்கமாயிற்று. அந்தச் சலிப்பில்தான் பல ஒளிப்பதிவாளர்கள் தங்கள் தொழிற்பேச்சில் பிளாக் லென்ஸ் என்று சொல்லும் நிலையான லென்ஸுகளை நாடினார்கள்.

ஆகவே ஜூம் ரசனையைக் கெடுத்தது என்று குற்றம் சாட்டுகிறவர்களிடம் சான்று இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு தனித்தனிச் செயல்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குவியத் தூரத்தை மாற்றுவது ஒன்று. அது பார்வையாளரின் கண்ணில் படும், அடிக்கடி செய்தால் உறுத்தும். ஷாட் தொடங்கும் முன் வேண்டிய குவியத் தூரத்தைத் தேர்ந்து வைத்துக்கொண்டு அசையாமல் எடுப்பது இன்னொன்று. அப்போது திரையில் ஜூம் என்ற சுவடே இருக்காது. ஸ்டில் கேமராவில் முதலாவதற்கு வேலையே இல்லை. முதல் வகையிலும் குறை கருவியுடையது அல்ல என்பதற்குச் சத்யஜித் ரேயின் 1964ஆம் ஆண்டுப் படமான சாருலதா போதும். கைக்கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்கும் சாரு, தன்னைக் கவனிக்காமல் கடந்துபோகும் கணவனையும் அதன் வழியே பார்த்துவிட்டுக் கையைத் தாழ்த்துகிறாள். அந்தக் கணத்தில் காட்சி சட்டென்று பின்வாங்குகிறது. அவளுக்கும் வீட்டுக்கும் நடுவே விழுந்த தூரத்தை அந்த ஜூம் சொல்லிவிடுகிறது. அதே கருவி 1970களில் சலிக்கவைத்தது என்றால் அவசரத்தையும் செலவையும் கேட்க வேண்டும், கண்ணாடியை அல்ல.

கல்யாண வீட்டுக்குள் ஜூம் நுழைந்தது ஸ்டில் கேமரா வழியாக அல்ல, வீடியோ வழியாக என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி நாட்டுக்குள் வந்தது. வீடியோ கேசட்டும் பின்தொடர்ந்தது. கேசட்டோடு தோளில் வைக்கும் விஎச்எஸ் கேமராவும் மண்டபங்களுக்கு வந்தது. அதில் லென்ஸைக் கழற்ற முடியாது. ஜூமை உடம்போடு சேர்த்தே கட்டியிருந்தார்கள். வலது கையின் விரலுக்குக் கீழே ஒரு விசை: ஒரு பக்கம் அழுத்தினால் விரியும், மறுபக்கம் அழுத்தினால் நெருங்கும். வீடியோக்காரர் மேடையின் ஒரு மூலையில் நின்றபடி நாதஸ்வரக் குழுவையும் எடுத்தார், மணப்பெண்ணின் மூக்குத்தியையும் எடுத்தார். அவர் அருகில் நின்ற ஸ்டில் போட்டோகிராபர் 50 மி.மீ. லென்ஸோடு முன்னும் பின்னும் அலைந்தார். முன்னே போனால் வீடியோவை மறைப்பதாகச் சண்டை, பின்னே போனால் உறவினர்களின் முதுகு. ஒரே மேடையில் இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது எது அந்த வேலைக்குப் பொருந்தியது என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஸ்டில் கேமராவுக்கு நல்ல ஸ்டாண்டர்ட் ஜூம் கிடைக்கத் தாமதமானது. 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் 1959இல் வந்த ஃபாய்க்ட்லாண்டர் ஜூமார், 36 முதல் 82 மி.மீ.; அதன் முகப்பு 95 மி.மீ. ஃபில்டர் மாட்டும் அளவுக்கு அகலம். 1963இல் நிக்கானின் 43-86 வந்தபின் சாதாரணத் தொழில்காரரும் ஜூமை நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் நேர்க்கோடுகள் விளிம்பில் வளைந்தன, விளக்கு எதிரே வந்தால் படம் வெளிறியது. இங்கோ கதவே பாதி மூடியிருந்தது. 1991க்கு முன் வெளிநாட்டுக் கேமராக்கள் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கும் கடுமையான வரிக்கும் உட்பட்டவை. உள்நாட்டில் பிரபலமான ஆக்ஃபா க்ளிக் 3 பெட்டிக் கேமராவில் இருந்தது மாற்ற முடியாத ஒற்றை லென்ஸ். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் ஃபிலிம் தயாரித்தது, லென்ஸ் அல்ல. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களால் 1969இல் உருவான பர்மா பஜாரும், வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்களின் பெட்டிகளும்தான் பலருக்கு வழி. இப்படி வாங்குகிறவர் மூன்று பிரைம் லென்ஸ் சேகரிப்பது எப்படி? கிடைத்த ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆக வேண்டும் என்பது புறநகர்த் தொழில்காரரின் கணக்கு. தேர்வின் பெயரில் சொல்லப்படும் அறிவுரைகளில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

1995இல் வந்த நிக்கான் எஃப்எம்10 இந்தக் கணக்குக்கு ஏற்ற கேமரா. அதோடு வழக்கமாக விற்கப்பட்ட லென்ஸ் 35-70 ஜூம், எஃப் 3.5 முதல் 4.8 வரை. இங்கே பிரைம் கட்சியின் வாதத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். 70 மி.மீ.இல் எஃப் 4.8 என்றால், எஃப் 2 துளையுள்ள சாதாரண 50 மி.மீ. லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். 100 ஐஎஸ்ஓ வண்ண ஃபிலிமும் மண்டபத்துக் குழல் விளக்கும் சேர்ந்தால் ஃபிளாஷ் இல்லாமல் எதுவும் பதியாது. அந்தக் காலத்து ஆல்பங்களில் முகங்கள் தட்டையாக வெளுத்தும், பின்னணி இருண்டும், மேடையின் விளக்கு அலங்காரம் காணாமலும் போனதற்கு இந்தச் சிறிய துளையும் ஒரு காரணம். சட்டகத்தில் கிடைத்த சுதந்திரத்துக்கு ஒளியில் விலை கொடுத்தார்கள். ஃபிலிம் காலத்து மலிவான ஜூமைப் பற்றி இந்தக் குறையைச் சொன்னால் அது முழு உண்மை. அந்தத் தீர்ப்பை அப்படியே இன்றைக்கும் தூக்கிவருவதுதான் பிழை.

ஏனென்றால் அதன்பின் இரண்டு விஷயங்கள் மாறிவிட்டன. முதலாவது, எல்லாக் குவியத் தூரத்திலும் எஃப் 2.8 தரும் ஜூம் தொழில்காரரின் தரநிலையாயிற்று. நிக்கானின் 35-70 1987இல் வந்தது, கேனனின் 28-70 1993இல், 24-70 2002இல். இரண்டாவது, டிஜிட்டல் சென்சார். 2003இல் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்த கேனன் 300டி, 18-55 கிட் லென்ஸோடு விற்கப்பட்டது. சிறிய சென்சாரில் அது ஏறத்தாழ 29-88க்குச் சமம். ஐஎஸ்ஓவை வேண்டியபடி ஏற்றிக்கொள்ள முடிந்ததும் துளையின் கட்டாயம் தளர்ந்தது. 24-70இன் எல்லைகள் ஏதோ தற்செயலாக அமைந்தவை அல்ல. முழு ஃபிரேம் கேமராவோடு மணமக்களிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால், 24இல் நாலரை மீட்டர் அகலம் சட்டகத்தில் விழும்: இரு வீட்டுப் பெற்றோர், ஐயர், தாய்மாமன் எல்லாரும் உள்ளே. 70இல் ஒன்றரை மீட்டர்: இரண்டு முகங்கள், நடுவே தாலி. கெட்டிமேளம் கொட்டிய கணத்திலிருந்து மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடும் வரை விநாடிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி அது. அட்சதை பறக்கும்போது விரித்து ஒன்று, மாப்பிள்ளையின் விரல்கள் கழுத்துக்குப் பின்னால் போகும்போது நெருக்கி ஒன்று என்று எடுக்க, இடது கை வளையத்தின் திசையைக் கண்ணால் பார்க்காமலே அறிந்திருக்க வேண்டும். நிக்கானும் கேனனும் எதிரெதிர்த் திசையில் திரும்புகிறவை. கம்பெனி மாறிய படக்காரர் முதலில் தடுமாறுவது அங்கேதான்.

சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது நேரே வரலாம். அதன் அடியில் ஓர் உண்மை இருக்கிறது: படத்தில் முகத்தின் வடிவமும் முன்னே பின்னே இருப்பவற்றின் அளவு விகிதமும் நிற்கும் தூரத்தைப் பொறுத்தவை, லென்ஸைப் பொறுத்தவை அல்ல. ஹிட்ச்காக்கின் 1958ஆம் ஆண்டுப் படமான வெர்டிகோவில் மாடிப்படிக் கிணறு நீண்டுகொண்டே போவதுபோல் தெரியும் காட்சி, கேமரா ஒரு திசையில் நகர ஜூம் அதற்கு எதிர்த்திசையில் போனதால் கிடைத்தது. தூரம் மாறினால்தான் தோற்ற ஆழம் மாறும் என்பதைக் கண்ணுக்குக் காட்டிய காட்சி அது. ஆகவே தூரத்தை நினைக்காமல் வளையத்தை மட்டும் திருப்புகிறவரின் படங்கள் தட்டையாகும் என்பது சரி. ஆனால் இதே உண்மையிலிருந்து இன்னொரு முடிவும் வருகிறது. ஒற்றைப் பிரைம் லென்ஸில் சட்டகத்தைத் தேர்ந்துவிட்டால் தூரம் தானாக முடிவாகிவிடும். இரண்டையும் தனித்தனியே தேர முடியாது. ஜூம் வைத்திருப்பவர் முகத்துக்கு இரண்டு மீட்டர் தூரம்தான் அழகு என்று முடிவு செய்து அங்கே நின்றுகொண்டு, பிறகு எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதை வளையத்தில் முடிவு செய்யலாம். முதலில் தூரம், அதன்பின் சட்டகம் என்ற ஒழுங்கை ஜூம்தான் சாத்தியமாக்குகிறது. தூரத்தைத் தேர வழியே இல்லாத மேடையில், சட்டகத்தையாவது அது படக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பட்டமளிப்பு விழாவில் மேடைக்குக் கீழே ஒரே இடத்தில் நாளெல்லாம் நின்று, பட்டம் வாங்கும் ஒவ்வொரு கையையும் எடுக்க வேண்டியவரிடம் நடந்து பார் என்று சொல்வதில் பொருளே இல்லை.

தரம், ஆயுள் இரண்டும் மிஞ்சிய ஆட்சேபங்கள். எஃப் 1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் விலையில் குறைவு, எடையில் குறைவு, எஃப் 2.8ஐ விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளி தரும். இருட்டில் ஒருவர் முகத்தை மட்டும் எடுக்க அதுவே மேல். ஆனால் மணமேடையில் முகங்கள் ஜோடியாக வருகின்றன, ஒன்று முன்னும் ஒன்று பின்னும். அவ்வளவு அகலமாகத் திறந்தால் பெண் தெளிந்து மாப்பிள்ளை மங்குவார். கையில் எடை உண்மைதான்: கேனனின் முதல் 24-70 950 கிராம், 2012இல் வந்த இரண்டாவது 805 கிராம், சோனியின் 2022ஆம் ஆண்டு லென்ஸ் 695 கிராம். எடை குறைந்துகொண்டே வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆயுளும் உண்மையான கவலை. முகப்பு நீண்டு சுருங்கும்போதெல்லாம் லென்ஸ் காற்றை உள்ளிழுக்கிறது. கூடவே தூசியையும் சென்னையின் ஈரப்பதத்தையும். ஈரம் தங்கினால் கண்ணாடியில் பங்கஸ் நூல் நூலாகப் படரும். தடத்தில் ஓடும் உருளைகள் தேய்ந்தால் முகப்பு லேசாக ஆடும், படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். வளையத்தின் ரப்பர் வியர்வையில் ஊறித் தளர்ந்து வெளுக்கும். குவியத் தூரம் மாறும்போதெல்லாம் உள்ளே மடிந்து நிமிரும் மெல்லிய ரிப்பன் கேபிள் ஒரு நாள் அறுந்து, அப்பர்ச்சர் வேலை செய்யாமல் நின்றுவிடும். இவை எல்லாம் பிரைம் லென்ஸில் குறைவு. ஆனால் தேயும் கருவியெல்லாம் தாழ்ந்த கருவி என்றால் உழைக்கும் எந்தக் கருவியும் மிஞ்சாது. இவற்றைத் தெரிந்துகொண்டே சிலிக்கா ஜெல் பொட்டலமும் டிரை பாக்ஸும் வைத்து, சீசனுக்கு முன் சர்வீஸுக்குக் கொடுத்து, தொழில்காரர்கள் இந்த லென்ஸை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே அதன் தேவைக்குச் சான்று.

செல்போன் வந்தபின் இந்த வாதம் முடிந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். போனின் முதுகில் இரண்டு மூன்று நிலையான லென்ஸுகளை வரிசையாகப் பதித்து, நடுவிலுள்ள குவியத் தூரங்களைப் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்கி ஈடுகட்டுகிறார்கள். ஒரு விரலால் விரிக்கவும் சுருக்கவும் வேண்டும் என்ற ஆசை கோடிக்கணக்கான மக்களுக்கு இயல்பானது என்பதைத்தான் அது காட்டுகிறது. யாரும் அவர்களைச் சோம்பேறிகள் என்பதில்லை. இன்னொரு பக்கம், கோடம்பாக்கம், வடபழனியின் பழைய தளங்கள் மருத்துவமனையாகவும் வணிக வளாகமாகவும் மாற, படப்பிடிப்பு மேற்கே நகர்ந்து செம்பரம்பாக்கம் ஈவிபி வளாகம் வரை வந்துவிட்டது. பூந்தமல்லி அருகே நவீனத் திரைப்பட நகரம் அமைப்பதாக மாநில அரசும் 2024இல் அறிவித்தது. சினிமாவும் கல்யாண வீடியோவும் ஒரே கேமராக்களைப் பகிர்ந்துகொள்ளும் காலம் இது. அரை நூற்றாண்டுக்கு முன் சினிமாவில் கெட்ட பெயர் வாங்கிய ஜூம், மண்டபத்தில் நல்ல பெயர் எடுத்த பின் அதே நெடுஞ்சாலையில் சினிமாவை மறுபடி சந்திக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு காரியங்கள் செய்யத்தக்கவை. ஒன்று, படம் எடுக்கச் சொல்லித்தருகிறவர்கள் ஜூமைக் கழற்றிவை என்று தொடங்குவதை நிறுத்தி, தூரத்தைத் தேர்ந்துகொண்டு பிறகு வளையத்தைத் தொடு என்று தொடங்கலாம். சோம்பலுக்கு மருந்து அதுவே, லென்ஸை மாற்றுவதல்ல. மற்றொன்று, தமிழ்நாட்டுப் புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் ட்ரைப்போடும், மவுண்ட் ரோட்டு ஸ்டூடியோக்களோடும், பெயர்பெற்ற ஒளிப்பதிவாளர்களோடும் நின்றுவிடாமல் வேலப்பன்சாவடி போன்ற ஊர்களின் மண்டபப் படக்காரர்களிடமும் வர வேண்டும். அவர்கள் கைமாற்றிக்கொண்ட லென்ஸுகள், வாங்கிய ரசீதுகள், பழைய நெகட்டிவ் உறைகள், மூன்று தலைமுறை ஆல்பங்கள் எல்லாம் சான்றுகள். ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது இவை பழைய காகிதத்தோடு போய்விடும். நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கிற ஒரே காட்சி வரலாற்றை எடுத்துத் தந்தவர்கள் அவர்கள். நல்ல இடம் கிடைத்தவர்கள் எடுத்த படங்களுக்குச் சமமான மரியாதையோடு, இடம் கிடைக்காதவர்கள் எடுத்த படங்களையும் அந்த வரலாற்றில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு அதைச் சாத்தியமாக்கிய லென்ஸையும்.